பிராசஸரோடு வந்த கூலரை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெஸ்க்டாப் பிராசஸர் வாங்கும்போது பெட்டிக்குள்ளேயே வரும் கூலரை (பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஃபேனும் உலோகத் துடுப்புகளும்) மாற்றலாமா, வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. லேப்டாப்புக்கு இதில் எதுவும் பொருந்தாது. பெரிய நிறுவனங்கள் முழுக் கணினியாக விற்கும் சில மாடல்களில் மதர்போர்டும் அதில் கூலரைப் பொருத்தும் துளைகளும் அவர்களுக்கே உரிய அளவில் இருக்கும், அவற்றை வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு இது உண்மையிலேயே தேவையா?

நிறைய பேருக்குத் தேவையில்லை. இன்டெல் ஐ5-12400, ஏஎம்டி ரைசன் 5 5600 மாதிரியான 65 வாட் சிப்புகளை அதனதன் பெட்டியில் வரும் கூலரே சமாளித்துவிடும். பிரவுசர், ஆபீஸ் வேலை, மிதமான கேமிங் என்றால் வேகத்தில் நீங்கள் இழப்பது மிகக் குறைவு. கூலரை மாற்ற எனக்குத் தெரிந்து முதல் நியாயமான காரணம் இரைச்சல். சின்ன ஃபேன் நிமிடத்துக்கு 2500, 3000 சுற்று சுற்றித் தள்ளும் காற்றை 120 மி.மீ. ஃபேன் ஒன்று 1000 சுற்றுக்குப் பக்கத்திலேயே தள்ளிவிடும், அந்த வித்தியாசம் முதல் நாளே காதுக்குத் தெரியும். இரண்டாவது காரணம், வீடியோ ரெண்டர், கம்பைல் மாதிரி நெடுநேரம் எல்லாக் கோர்களையும் (சிப்புக்குள் இருக்கும் தனித்தனி வேலைப் பகுதிகள்) பிழியும் வேலை. ஐ7-12700 பெட்டியிலும் கிட்டத்தட்ட அதே சின்ன கூலர்தான் வருகிறது, ஆனால் அந்தச் சிப் 180 வாட் வரை இழுக்கும். அங்கே மாற்றுவது ஆடம்பரம் இல்லை.

திரையில் தெரியும் டிகிரி எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் மாற்ற வேண்டும் என்றால், அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எத்தனை டிகிரி வரை போகலாம்?

ஒவ்வொரு பிராசஸருக்கும் அதன் தயாரிப்பாளர் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார். 12 முதல் 14ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகளுக்குப் பொதுவாக 100 டிகிரி செல்சியஸ், ரைசன் 5 5600க்கு 90, ரைசன் 7 7700எக்ஸ் வகைக்கு 95, ரைசன் 7 7800எக்ஸ்3டிக்கு 89. வரம்பைத் தொட்டவுடன் சிப் எரிந்துவிடாது. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியும் முடியாவிட்டால் கணினி அணைந்துவிடும்.

முழுச் சுமையில் 75, 80 என்று காட்டினால் கவலையை விடுங்கள். சும்மா இருக்கும்போது 40, 45, ஒரு டேப் திறந்தால் சட்டென்று 60க்கு எகிறி இறங்குவது, இதெல்லாம் இப்போதைய சிப்புகளின் இயல்பு. ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள் இதில் தனி ரகம்: குளிர்ச்சி எவ்வளவு கிடைத்தாலும் அதை வேகமாக மாற்றிக்கொண்டு 95 பக்கமே நிற்கப் பார்க்கும்படிதான் அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள். அதற்கு விலை உயர்ந்த கூலரை வாங்கிப் போட்டு, கனமான வேலை கொடுத்துப் பார்த்து, எண் குறையவில்லையே என்று நொந்துகொள்வதில் அர்த்தமில்லை. கடிகார வேகம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. காற்றால் குளிர்விக்கும் கூலரோ தண்ணீர் கூலரோ, எதுவும் அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. அறை 10 டிகிரி சூடானால் சிப்பும் ஏறக்குறைய அதே அளவு சூடாகும். இரண்டு பேர் தங்கள் எண்களை ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டுத்தான் பாதிச் சண்டை.

தவறு கூலரிடமா வேறெங்காவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காசு செலவழிக்கும் முன் இதற்கு ஓர் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப் மாதிரி வெப்பநிலை காட்டும் ஒரு புரோகிராம் போதும், லினக்ஸில் எல்எம்-சென்சர்ஸ். அதைத் திறந்து வைத்துக்கொண்டு சினிபெஞ்ச் மாதிரி எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுக்கும் ஏதாவது ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டி, எண் எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். ஏறும் விதத்தில்தான் விடை இருக்கிறது.

தொடங்கிய ஓரிரு விநாடியிலேயே 95ஐத் தாண்டுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சிப்புக்கும் கூலருக்கும் இடையில் இருக்கும் தொடர்பை: இரண்டுக்கும் நடுவே பூசும் வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், இன்டெல் கூலரை மதர்போர்டில் பிடித்திருக்கும் நாலு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று வெளியே வந்திருக்கலாம். அவ்வளவு குறைந்த நேரத்தில் உலோகத் துடுப்புகள் சூடாகி நிரம்ப வாய்ப்பே இல்லை, வெப்பம் அதுவரை போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம். அதிக வாட் இழுக்கும் சிப்புகள் சரியான தொடர்பு இருந்தாலும் இப்படிக் குதிக்கும் என்பதால், எத்தனை வாட் போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாறாக, எண் மெல்ல மெல்ல ஏறி ஐந்தாறு நிமிடத்தில் உச்சத்தைத் தொடுகிறது என்றால் தொடர்பு சரிதான், கூலரின் திறனோ கேபினெட்டுக்குள் காற்றோட்டமோ போதவில்லை. இரண்டில் எது? பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குறை கேபினெட்டில். முன்பக்கம் ஒரு ஃபேன் சேர்ப்பதோ, தூசி வலையைக் கழுவுவதோ புது கூலரைவிட அதிகம் உதவும்.

செலவில்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், இதை நிறைய பேர் முயன்று பார்ப்பதே இல்லை. முதலில் கூலர் துடுப்புகளில் அடைந்திருக்கும் தூசியை எடுங்கள் (ஊதும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்). ஓரிரு வருடத் தூசியே துடுப்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி படிந்துவிடும்.

அடுத்து பயாஸ், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை. பல மதர்போர்டுகள் இன்டெல் பரிந்துரைக்கும் மின் வரம்பைக் கண்டுகொள்ளாமல் சிப்பை இஷ்டத்துக்கு இழுக்க விடுகின்றன, வரம்பை அந்தப் பரிந்துரை அளவுக்குக் கொண்டுவந்தாலே கொதிப்பு அடங்கும். ஏஎம்டியில் ஈகோ மோடு என்று இருக்கும். 105 வாட் சிப்பை 65 வாட் வகைக்கு இறக்கினால் அது சாக்கெட்டிலிருந்து (மதர்போர்டில் சிப் உட்காரும் இடம்) இழுக்கும் உச்சம் 142 வாட்டிலிருந்து 88 வாட்டாகக் குறைகிறது, கேமிங்கில் அந்த இழப்பு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது.

பேஸ்ட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

கூலர் சரியான அளவில் இருந்து பேஸ்ட் காய்ந்திருந்தால் போதும். பேஸ்ட்டின் வேலை சின்னது, ஆனால் அது இல்லாமல் முடியாது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே நுண்ணிய பள்ளங்கள் இருக்கின்றன, அதில் காற்று தங்கிவிடும். செம்பின் வெப்பக் கடத்தல் எண் 400 அளவில் என்றால் காற்றினுடையது 0.026. நல்ல பேஸ்ட் என்பது 4 முதல் 10க்குள் ஏதோ ஒன்று. செம்போடு ஒப்பிட்டால் ரொம்ப மோசம், காற்றோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல் நல்லது. அதனால்தான் பள்ளங்களை நிரப்பும் அளவுக்கு மட்டும் வேண்டும், கனமான அடுக்காக வேண்டாம்.

திரவ உலோகம் என்று ஒன்று விற்கிறார்கள். அதில் காலியம் இருக்கிறது, அது அலுமினியத்தை அரித்துவிடும், வழிந்து மதர்போர்டில் பட்டால் ஷார்ட் ஆகும். முதல்முறை செய்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

65 வாட் சிப்புக்கு 65 வாட் கூலர் போதும்தானே?

இல்லை, இந்த எண்ணை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் போட்டிருக்கும் 65 என்பது இன்டெலில் அடிப்படை வேகத்துக்கான கணக்கு. ஐ5-12400இன் உச்சம் 117 வாட். ஏஎம்டியில் 65 வாட் என்றால் 88 வாட் வரை போகும். கூலர் தயாரிப்பாளர்கள் தங்கள் பெட்டியில் போடும் 180, 220, 260 வாட் எண்களுக்கோ எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது, ஒரு நிறுவனத்தின் 220ஐ இன்னொன்றின் 220உடன் ஒப்பிட முடியாது. உங்கள் சிப்போடு யாராவது சோதித்த முடிவைத் தேடுவதுதான் நல்லது.

சரி, எந்த மாதிரி கூலர் வாங்கலாம்?

நடுத்தர சிப்புகளுக்கு 120 மி.மீ. ஃபேனும் நாலு வெப்பக் குழாயும் கொண்ட ஒற்றை டவர் (துடுப்புகளைக் கோபுரம் மாதிரி நிமிர்த்தி அடுக்கிய கூலர்) போதும், அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம் என்பேன். டீப்கூல் ஏகே400, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 எல்லாம் இந்த வகை. 150 வாட்டுக்கு மேல் நெடுநேரம் ஓடப் போகிறது என்றால் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 மாதிரி ஆறு குழாய் இரட்டை டவர்.

அந்தக் குழாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. அது திடமான செம்புக் கம்பி இல்லை. உள்ளே வெறுமை, கொஞ்சம் தண்ணீர், மிகக் குறைந்த அழுத்தம். அழுத்தம் குறைவாக இருப்பதால் சிப்பின் சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகி மேலே துடுப்புப் பக்கம் ஓடும், அங்கே குளிர்ந்து மறுபடி தண்ணீராகி, குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்துளை அடுக்கு வழியாகத் திரும்பி வரும். பெட்டியில் வரும் சாதாரணக் கூலர்களில் பலவற்றில் இது இல்லை, வெறும் அலுமினியத் துண்டு. இரண்டுக்கும் உள்ள திறன் வித்தியாசம் முக்கால்வாசி இங்கேயும் துடுப்புகளின் பரப்பிலும்தான். ஃபேனில் எரியும் கலர் விளக்கு பார்க்க அழகு, குளிர்ச்சிக்கு அதில் பங்கில்லை.

தண்ணீர் கூலர் இன்னும் நல்லதில்லையா?

250 வாட் இழுக்கும் ஐ9-13900கே மாதிரிச் சிப்புக்கு, அல்லது டவர் நுழையாத கேபினெட்டுக்கு, ஆம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். காற்றுக் கூலரில் கெடக்கூடியது ஃபேன் மட்டும், அதை வேறு வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஃபேன் நின்றாலும் லேசான வேலையை வெறும் துடுப்பே ஓரளவு தாங்கும். தண்ணீர் கூலரில் பம்ப் நின்றால் சிப் சீக்கிரமே வரம்பைத் தொட்டுவிடும், உள்ளிருக்கும் திரவமும் குழாய்ச் சுவர் வழியாக வருடக்கணக்கில் மெல்லக் குறையும். வாங்கியே தீர்வது என்றால் ரேடியேட்டரை (தண்ணீரைக் குளிர்விக்கும் துடுப்புப் பகுதி) கேபினெட்டின் மேல்பக்கத்தில் பொருத்துங்கள். காற்றுக் குமிழ்கள் சுற்றில் உயரமான இடத்தில்தான் சேரும், அந்த இடம் பம்பாக இருக்கக் கூடாது.

என் கேபினெட்டுக்குள் நுழையுமா?

வாங்கிய பிறகு திருப்பிக் கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இது. மூன்று அளவுகள் பார்க்க வேண்டும். முதலில் உயரம்: டவர்கள் பொதுவாக 150 முதல் 165 மி.மீ. வரை இருக்கும், உங்கள் கேபினெட் எவ்வளவு உயரத்தை ஏற்கும் என்பது அதன் விவரக்குறிப்பில் இருக்கும். விவரக்குறிப்பு கிடைக்காவிட்டால் ஸ்கேல் வைத்து மதர்போர்டிலிருந்து மூடி வரை அளந்து, போர்டிலிருந்து சிப்பின் மேற்பரப்பு வரை இருக்கும் உயரத்துக்காகப் பத்து மி.மீ. போல கழித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ராம்: உயரமான அலங்கார ஹீட்சிங்க் வைத்த ராம் என்றால் முன்பக்க ஃபேன் அதன்மேல் இடிக்கும், ஃபேனைச் சற்று மேலே ஏற்றிப் பொருத்தலாம், ஆனால் அப்போது மொத்த உயரம் கூடிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது சாக்கெட். இன்டெலில் எல்ஜிஏ 1150, 1151, 1155, 1200 எல்லாவற்றுக்கும் துளைகளுக்கு நடுவே 75 மி.மீ. இடைவெளி. 2021இல் வந்த எல்ஜிஏ 1700இல் அது 78 ஆனது, பின்னால் வந்த 1851க்கும் அதே 78தான். பழைய கூலருக்கு 1700க்குப் பொருத்தும் கிட் தனியாகக் கிடைக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள், துளையை வளைத்துப் பொருத்த முயல வேண்டாம். ஏஎம்டியில் ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை ஏஎம்5இலும் பொருந்தும். பின்தகட்டையே (மதர்போர்டின் பின்னாலிருந்து கூலரின் ஸ்க்ரூக்களைத் தாங்கும் தகடு) மாற்றச் சொல்லும் மாடல்கள் மட்டும் பொருந்தாது, ஏனென்றால் ஏஎம்5இல் அந்தத் தகடு சாக்கெட்டோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கிறது.

மதர்போர்டை வெளியே எடுக்க வேண்டுமா?

ஏஎம்டியில் பொதுவாக வேண்டாம், இருக்கிற பின்தகட்டையே புது கூலரும் பயன்படுத்தும். ஒரே எச்சரிக்கை: ஏஎம்4இல் மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றியவுடன் பின்தகடு பிடிமானம் இல்லாமல் பின்னால் விழுந்துவிடும், கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இன்டெலில் பெரும்பாலும் பின்தகடு புதிதாகப் பொருத்த வேண்டியிருக்கும். கேபினெட்டின் பின்பக்கத் தகட்டில் சாக்கெட்டுக்கு நேராகப் பெரிய ஓட்டை இருந்தால் அதன் வழியே செய்யலாம், இல்லாவிட்டால் போர்டை எடுக்கத்தான் வேண்டும்.

பழைய கூலரை எப்படிக் கழற்றுவது?

முதலில் கணினியைப் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலையில் ஓட விடுங்கள். பேஸ்ட் சூடாகி இளகும். பிறகு அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு ஆரம்பிக்கலாம். ஃபேன் ஒயரை முதலில் கழற்றுங்கள்.

இன்டெல் கூலரில் நாலு ஊசிகளின் தலையையும் அதில் இருக்கும் அம்புக்குறியின் திசையில் திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். ஏஎம்டியில் மாடலைப் பொறுத்து ஸ்க்ரூ அல்லது பக்கவாட்டுக் கொக்கி.

கூலரை நேராக மேலே இழுக்கக் கூடாது. ஏஎம்4 வைத்திருப்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள். அந்தச் சிப்பில் ஊசிகள் சிப்பின் அடியில்தான் இருக்கின்றன, மேலே அதை அமுக்கிப் பிடிக்கும் தகடு எதுவும் இல்லை. காய்ந்த பேஸ்ட் பசையாகப் பிடித்துக்கொண்டு, பூட்டிய சாக்கெட்டிலிருந்து சிப்பையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசி வளையும். இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள், பிடி விட்டதும் தானாகவே வழுக்கிக்கொண்டு வரும். இன்டெலிலும் ஏஎம்5இலும் இரும்புச் சட்டம் சிப்பைப் பிடித்திருப்பதால் இந்த ஆபத்து இல்லை, ஆனாலும் திருகி எடுப்பதே நல்ல பழக்கம்.

பழைய பேஸ்ட்டை எதால் துடைப்பது? புதியதை எவ்வளவு வைப்பது?

90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி. தண்ணீரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம். சிப்பின் மேலே எழுத்து தெளிவாகத் தெரியும் வரை துடைத்தால் போதும்.

சிப்பின் நடுவில் ஒரு பட்டாணி அளவு. எல்ஜிஏ 1700 சிப்புகள் நீளவாட்டில் இருப்பதால் அங்கே ஒரு சின்னக் கோடு அல்லது எக்ஸ் வடிவம் மூலைவரை நன்றாகப் பரவும். கோடா புள்ளியா என்ற சர்ச்சை ஓயப்போவதில்லை, அளவு போதுமானதாக இருந்து அழுத்தம் சீராக இருந்தால் முடிவில் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் ஓரத்தில் பிதுங்கும், சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாது என்பதால் பெரிய பாதிப்பில்லை. குறைவாக வைப்பதுதான் கெடுதல்.

புது கூலரின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்தீர்களா? உரித்துவிட்டுத் தொடருங்கள்.

ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்குவது, ஃபேன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

ஒரு ஸ்க்ரூவை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள், கூலர் ஒரு பக்கம் சாய்ந்து பேஸ்ட் இன்னொரு பக்கம் ஒதுங்கிவிடும். ஒன்றில் இரண்டு சுற்று, எதிர்மூலையில் இரண்டு சுற்று என்று மாறி மாறி வந்து, ஸ்க்ரூ தானே நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்ப்ரிங் வைத்த ஸ்க்ரூக்கள் தேவையான அழுத்தத்தை அவையே கொடுத்துவிடும்.

ஃபேனின் திறந்த முகம் காற்றை உள்ளே இழுக்கும், குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம் வெளியே தள்ளும். டவரில் காற்று கேபினெட்டின் முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும், அதாவது ஃபேன் ராம் பக்கம், குறுக்குச் சட்டம் துடுப்பைப் பார்த்தபடி. ஒயரை மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் நாலு பின் ஹெடரில் செருகுங்கள். வேறு ஹெடரில் போட்டால் ஃபேன் சுற்றினாலும் பல போர்டுகள் சிபியு ஃபேன் எரர் என்று கத்திக்கொண்டு விண்டோஸுக்குள் போக விடாது. இரண்டு ஃபேன் இருந்தால் பெட்டியில் வரும் ஒய் கேபிளில் இணைத்து அதே ஹெடரில்.

மாற்றியும் சூடு குறையவில்லையே?

படலம் உரித்ததைச் சரிபாருங்கள். ஃபேன் சுற்றுகிறதா, திசை சரியா? நாலு ஸ்க்ரூவும் முழுதாக இறங்கியிருக்கின்றனவா? எல்லாம் சரியென்றால் கூலரைக் கழற்றி பேஸ்ட் பரவியிருக்கும் தடத்தைப் பாருங்கள், ஒரு மூலையில் சிப் வெறுமையாக இருந்தால் அழுத்தம் சமமாக விழவில்லை. ஒருமுறை தூக்கிய கூலரைப் பழைய பேஸ்ட்டின் மேலேயே மறுபடி வைக்காதீர்கள், துடைத்துப் புதிதாகப் போடுங்கள்.

சூடு குறைந்துவிட்டது, ஆனால் ஃபேன் ஏறி இறங்கி எரிச்சலூட்டுகிறது. என்ன செய்வது?

பயாஸில் ஃபேன் கர்வை, அதாவது எத்தனை டிகிரியில் எவ்வளவு வேகம் என்ற அமைப்பை, மாற்றுங்கள். 60 டிகிரி வரை 35, 40 சதவீத வேகத்திலேயே தட்டையாக வைத்து, அதற்குப் பிறகு 85இல் முழு வேகம் வரும்படி ஏற்றினால் போதும். வேகம் மாற சில விநாடி தாமதம் கொடுக்கும் வசதியும் பல போர்டுகளில் உண்டு, அதைப் போட்டுவிட்டால் ஒரு டேப் திறந்ததற்கெல்லாம் ஃபேன் சீறாது. நல்ல கூலர் வாங்கிவிட்டு இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் விட்டால், இரைச்சலுக்காகச் செலவழித்த காசில் பாதி வீண்.

உத்தரவாதம் போய்விடுமா? பழைய கூலரை என்ன செய்வது?

உங்கள் பிராசஸரின் உத்தரவாதத் தாளை ஒருமுறை படித்துவிடுங்கள், கூலர் பற்றி அதில் வரி இருக்கலாம். பழைய கூலரைத் துடைத்து அதே பெட்டியில் வைத்திருங்கள். சிப்பைத் திருப்பி அனுப்பும்போது முழு செட்டாகக் கேட்கலாம், விற்கும்போதும் கூலரோடு கொடுத்தால் சீக்கிரம் போகும், புது ஃபேன் என்றாவது படுத்துவிட்டால் மாற்று வரும்வரை இதுவே கைகொடுக்கும். கணினியை வண்டியில் தூரமாக எடுத்துப் போவதாக இருந்தால், ஒரு கிலோவுக்குப் பக்கமாக எடையுள்ள இரட்டை டவரைக் கழற்றி எடுத்துச் செல்லுங்கள், அல்லது கேபினெட்டை மதர்போர்டு தரையோடு படுக்கும்படி கிடத்தி ஏற்றுங்கள்.